“அம்மா வீட்லதான் இருக்காங்க மிஸ்”

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பும் வேலை என் மேசைக்கு வரும். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எண். அதன் பிறகு இரண்டு கட்டங்கள்: தந்தையின் தொழில், தாயின் தொழில். எல்லாரும் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள். தந்தையின் கட்டத்துக்குப் பதில் உடனே வரும். “கூலி மிஸ்”, “டிரைவர் மிஸ்”, “செராமிக்ல சூளை போடுறாரு மிஸ்.” அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பெண் பிள்ளையின் குரல் இறங்கும். “அம்மா வீட்லதான் இருக்காங்க மிஸ்.”

அந்த அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் காய்ந்திருக்கும். “சீக்கிரம் முடிச்சு உடுங்க டீச்சர், பாதி நாளு கூலி போயிடும்” என்பார். மகள் சொன்னதை மறுக்க மாட்டார். நானும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு அடுத்த படிவத்தை எடுப்பேன். எத்தனை ஆண்டுகள் இப்படி எழுதினேன் என்று எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. பகலெல்லாம் பட்டறையில் நிற்கும் ஒருத்தியை வீட்டில் சும்மா இருப்பவளாக ஆக்கிய கைகளில் என் கையும் ஒன்று.

அதே பள்ளியின் சுவரில் ஐக்கிய நாடுகள் அவையின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகள் வண்ண வண்ணக் கட்டங்களாக ஒட்டப்பட்டிருக்கின்றன. 2015 செப்டம்பரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்குகள் அவை. 2030க்குள் முடிக்க வேண்டும். எட்டாவது கட்டம் கருஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும்: கண்ணியமான வேலை மற்றும் பொருளாதார வளர்ச்சி. அதில் மேல்நோக்கி ஏறும் ஓர் அம்புக்குறி உண்டு. ஆள் படம் கிடையாது. வேலையைப் பற்றிய கட்டத்தில் வேலை செய்கிறவர் இல்லை.

இந்தக் கட்டத்தைப் பாடமாக நடத்தும்போது நாம் என்ன செய்கிறோம்? அட்டையில் படம் வரையச் சொல்கிறோம். பேச்சுப் போட்டி வைக்கிறோம். “கண்ணியமான வேலைக்கு எடுத்துக்காட்டு சொல்லுங்கள்” என்று கேட்கிறோம். பிள்ளைகள் டீச்சர், பேங்க், கலெக்டர், ஐடி என்று சொல்கிறார்கள். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிற ஊரில், அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்து வெளியூருக்கு அனுப்புகிற ஊரில், ஒரு பிள்ளைகூட ‘செராமிக்’ என்று சொல்வதில்லை. நாமும் சரியான விடை என்று கைதட்டிவிட்டு மணி அடித்ததும் வெளியே போகிறோம். அந்தக் கைதட்டல் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

தப்பு மொழிபெயர்ப்பிலிருந்தே தொடங்குகிறது. நம் ஊரில் ‘கண்ணியம்’ என்ற சொல்லை ஒரு பெண் பிள்ளை முதன்முதலில் எங்கே கேட்கிறாள்? காலை வணக்கக் கூட்டத்தில். துப்பட்டாவை எப்படிப் போட வேண்டும், எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம் என்று சொல்லும் இடத்தில். வீட்டிலும் அதையேதான் “டீசன்ட்டா இரு” என்கிறார்கள். ஆக, கண்ணியம் என்றால் பெண் தன் உடம்பிலும் நடத்தையிலும் காட்ட வேண்டிய ஒன்று என்று அவளுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு ‘கண்ணியமான வேலை’ என்று எழுதிப்போட்டால் அவள் எப்படிப் புரிந்துகொள்வாள்? சேலை கசங்காத வேலை. கையில் மண் ஒட்டாத வேலை. ஆண்கள் நடுவே முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்க வேண்டாத வேலை. அப்படியென்றால் அம்மா செய்வது? அதனால்தான் சேர்க்கைப் படிவத்தின் முன் அவள் குரல் இறங்குகிறது.

அந்த இலக்கு சொல்வதோ இதற்கு நேர் எதிரானது. 1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்த சிலி நாட்டுக்காரர் ஹுவான் சோமாவியா இந்தக் கருத்தை முன்வைத்தபோது எந்தத் தொழில் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பட்டியல் போடவில்லை. வேலை கிடைக்கிறதா, வேலை செய்கிறவரின் உரிமை காக்கப்படுகிறதா, நோய்க்கும் முதுமைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா, தன் வேலையைப் பற்றிப் பேசவும் சங்கம் சேரவும் வாய் இருக்கிறதா என்று நான்கு கேள்விகளைக் கேட்டது அந்த அமைப்பு. நான்கும் வேலை கொடுப்பவரையும் அரசையும் பார்த்துக் கேட்ட கேள்விகள். வேலை செய்பவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை.

இந்த அளவுகோலை வைத்தால் குளிரூட்டிய அறையும் தப்பாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்களே, அவர்கள் செய்தது நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் ‘நல்ல வேலை’தான். சீருடை உண்டு, அடையாள அட்டை உண்டு, உலகமே வாங்கும் செல்பேசி உண்டு. விடுதியில் போட்ட சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மேசை சுத்தமாக இருந்தால் வேலை கண்ணியமாகிவிடாது. கையில் மண் ஒட்டினால் கண்ணியம் கெட்டும் விடாது.

*

சரி, பாடத்தை ஊருக்குள் கொண்டுபோவோம். ஒரு பீங்கான் பொம்மை எப்படி உருவாகிறது? களிமண், குவார்ட்ஸ் என்னும் வெண்கல், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் தண்ணீர் விட்டு மில்லில் அரைத்துக் கூழாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, பொம்மை விட்டு வருகிறது. காயவைத்து, அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் நிற்கும் பிசிரைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கிளேஸ் கொடுத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். இதைத் தொழில்நுட்பமாகப் படிக்க விருத்தாசலத்திலேயே அரசு நடத்தும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. அங்கே படித்தால் அது டிப்ளமோ. சுரண்டுகிற பெண் பல ஆண்டுகள் கையால் செய்தாலும் அவளுடைய பெயர் ‘ஹெல்பர்’.

அவள் சுரண்டும் அந்தப் பிசிரில் இருப்பது சிலிகா. காய்ந்த பொருளைச் சுரண்டும்போது பறக்கும் தூளில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. அது இருக்கிறவருக்குக் காசநோயும் எளிதில் பற்றும். பல இடங்களில் காசநோய் என்றே எழுதி முடித்துவிடுவதும் உண்டு. காசநோய் என்று எழுதினால் அது அவளுடைய வீட்டின் நோய். சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது பட்டறையின் நோய், இழப்பீட்டுக்கு வழி உண்டு. ஒரு சொல்லில் இவ்வளவு பணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கண்ணாடி மற்றும் பீங்கான் தொழிலை அபாயகரமான செயல்முறைகளின் பட்டியலில் வைத்தது. அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸையும் வைத்தது. பீங்கான் ஊரின் வகுப்பறையில் இந்த இரண்டு வரிகளை யாரும் நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

இங்கிலாந்தின் பீங்கான் ஊரான ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் இந்த நோய்க்குப் ‘பானைக்காரர் அழுகல்’ என்று பொருள்படும் பெயரே இருந்தது. அங்கே சூளையிலிருந்து எடுத்த பாத்திரத்தில் ஒட்டியிருந்த தீக்கல் பொடியைத் தட்டித் துடைக்கும் வேலை பெண்களுடையது. மூச்சு வாங்கிச் செத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பொடிக்குப் பதிலாக அலுமினாப் பொடியைக் கொண்டுவந்தார்கள். பொருளை மாற்றினார்கள், ஆபத்து குறைந்தது. அதே நாட்டில் வெள்ளை ஈயத் தொழிலில் வேறு மாதிரி நடந்தது. ஈயத்தின் நஞ்சு கருவைக் கலைக்கிறது என்று தெரிந்ததும் 1898இல் மிக ஆபத்தான வேலைகளிலிருந்து பெண்களை நீக்கினார்கள். ஈயம் அங்கேயே இருந்தது, ஆண்கள் அந்த வேலையைச் செய்தார்கள், பெண்கள் கூலியை இழந்தார்கள்.

பெண்ணுக்கு ஓர் இடம் ஆபத்தாக இருந்தால் இடத்தை மாற்றுவதா, பெண்ணை மாற்றுவதா? நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். பஸ்ஸில் தொல்லையா, பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்து. பட்டறையில் தொல்லையா, வேலையை விட்டு நில். தூள் பறக்கிறதா, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொள். முந்தானை சிலிகாவைத் தடுக்காது. ஈரம் காயும் முன்பே பிசிரை எடுத்துவிடுவது, காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைப்பது, தூளை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி வைப்பது ஆகியவைதான் தடுக்கும். முதல் இரண்டுக்கும் பெரிய முதலீடு வேண்டாம். தூளோடு வீட்டுக்கு வரும் சேலையைத் துவைப்பவளும் அவள்தான். அந்தச் சேலையில் முகம் புதைத்துத் தூங்குவது அவளுடைய பிள்ளை. எட்டாம் இலக்கின் பாடம் என்றால் இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

*

இரண்டாம் பாடத்தைக் கணக்கு டீச்சர் நடத்தலாம். நம் நாட்டின் தொழிலாளர் சட்டம் ஓர் எண் விளையாட்டு. ஈ.எஸ்.ஐ. வேண்டுமா, பொதுவாக 10 பேர் வேண்டும். பி.எஃப். வேண்டுமா, 20 பேர். மின்சாரம் ஓடும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்குப் பழைய சட்டத்தில் 10 பேர் போதும். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த சட்டத் தொகுப்பில் அது 20. பிள்ளைக் காப்பகத்துக்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் இருக்க வேண்டும். புதியதில் 50 தொழிலாளர்கள். பாலியல் தொல்லை பற்றிய புகாரைக் கேட்கும் உள்குழுவுக்கு 10 பேர்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு பட்டறையில் 18 பேர் வேலை செய்கிறார்கள். பதிவேட்டில் 9 பெயர் இருக்கிறது. அப்படியானால் எத்தனை உரிமைகள் காணாமல் போயின? சிறு தொழில் நடக்கும் எந்த ஊரிலும் இந்தக் கணக்குக்கு வேலை உண்டு. பதிவேட்டில் விடுபடும் பெயர்கள் யாருடையவை என்று கேட்டால் விடை பெரும்பாலும் ஒன்றுதான். துண்டுக் கணக்குக்கு வருகிறவள், சீசனுக்கு வருகிறவள், புருஷனோடு சேர்ந்து வருகிறவள். விருத்தாசலத்தின் எல்லாப் பட்டறையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும் என்கிறேன்.

இந்தக் கணக்குக்கு அடங்காத உரிமைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லித்தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் தொல்லை நடந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அரசு நினைத்தால் பத்துப் பேருக்குக் குறைவான இடத்தையும் தொழிற்சாலையாக அறிவிக்கலாம் என்று பழைய சட்டத்தின் 85ஆம் பிரிவு சொன்னது. அரசு நினைக்கவைப்பது யார் வேலை என்பதுதான் மிச்சம். சமக் கூலிக்கோ ஆள் எண்ணிக்கை வரம்பே கிடையாது. ஒரே ஒரு பெண் வேலை செய்தாலும் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் அவளுக்கும்தான். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

ஆனால் சமக் கூலி என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் சட்டம் ‘ஒரே வேலை அல்லது அதைப் போன்ற வேலை’ என்கிறது. பட்டறையில் சூளை போடுகிறவர் ஆண், அச்சு எடுக்கிறவர் ஆண், சுரண்டித் துடைத்து அடுக்குகிறவள் பெண் என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஒரே வேலையே அல்ல. ஒப்பிட ஆள் இல்லை. குறைந்த கூலிக்குச் சட்டமே சாட்சி சொல்லும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951இல் கொண்டுவந்து இந்தியா 1958இல் ஏற்ற உடன்படிக்கை பேசுவது ‘சம மதிப்புள்ள வேலை’யைப் பற்றி. எட்டாம் இலக்கும் 2030க்குள் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்றுதான் வாக்குக் கொடுக்கிறது. சூளையின் வெப்பத்தைத் தாங்குவதற்கு ஒரு மதிப்பு என்றால், ஒரு பொம்மையின் மூக்கு உடையாமல் பிசிரை மட்டும் எடுக்கும் விரலுக்கு என்ன மதிப்பு? அந்த விரல் தவறினால் சூளைக்குப் போவது உடைந்த மண். ‘பொம்பளைங்களுக்குக் கை நளினம்’ என்று புகழ்கிறார்கள். திறமை என்று சொன்னால் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

*

எட்டாம் இலக்கின் இரண்டாம் பாதி பொருளாதார வளர்ச்சி. இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு ‘மற்றும்’ இருக்கிறது. அந்த ‘மற்றும்’ பெரிய பொய்யைச் சுமக்கிறது. ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்ற பொய்.

தமிழ்நாட்டின் பொருளாதாரம் 2024-25இல் 11.19 விழுக்காடு வளர்ந்ததாகக் கணக்கிட்டார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் நாம் பெருமையாகச் சொல்லும் கணக்கு. பெருமைப்படலாம். பெண் வெளியே வந்து சம்பாதிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த வளர்ச்சி எதன்மேல் நிற்கிறது என்பதற்கு வேறொரு கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 2019இல் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டுகளில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஒரு நிமிடம். இதே வேகத்தில் போனால் சமத்துவம் வர ஆயிரம் ஆண்டு ஆகும்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தி இருக்கிறது. பிள்ளைகள் அதன் வரையறையை மனப்பாடமாகச் சொல்வார்கள். சந்தையில் விற்றால்தான் கணக்கு. அகல் விளக்கு கணக்கில் வரும். அதைச் செய்கிறவளுக்கு விடியற்காலை சோறு வடித்தவள் வர மாட்டாள். இரண்டு பேரும் ஒரே பெண் என்பது எந்த அட்டவணையிலும் தெரியாது. கொலு சீசனில் வீட்டுத் திண்ணைக்கு வேலையை எடுத்துவந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவள் அவளைவிட மங்கலானவள். வீட்டிலிருந்து கூலி வேலை செய்வோருக்கென்று 1996இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்கவில்லை. ‘அம்மா வீட்லதான் இருக்காங்க’ என்ற பிள்ளையின் பொய் அவளுடைய வீட்டில் பிறந்தது என்று நினைக்காதீர்கள். நாட்டின் கணக்கிலிருந்து அது அவளுக்கு வந்து சேர்ந்தது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது நினைவிருக்கும். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று விளக்கினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சில நாள்களில் யாராவது அந்த 12 மணியோடு 289 நிமிடத்தைக் கூட்டிப் பார்த்தார்களா? ஏறத்தாழ 17 மணி நேரம். போக்குவரத்து தனி. தூக்கம் அவளுடைய சொந்தப் பொறுப்பு.

‘நிலைத்த’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. பீங்கானுக்கு மண் எங்கிருந்து வருகிறது? பக்கத்திலிருக்கும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் களிமண், சுரங்கம் வெட்டும்போது வெளியே வருகிறது. ஒரு சுரங்கம் விரிவதற்கு நிலம் வேண்டும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை எங்கள் மாவட்டமே பார்த்தது. இழப்பீட்டுப் பேச்சு எப்போதும் பட்டாவைப் பார்த்தே தொடங்கும். அந்த வயலில் நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்த பெண்ணின் பெயரில் பட்டா கிடையாது. ஆகவே அவள் இழந்தது என்னவென்று எழுதவும் இடம் கிடையாது. வயல் போனால் அவள் முந்திரி உடைக்கப் போவாள், சித்தாள் வேலைக்குப் போவாள், பீங்கான் பட்டறைக்கு வருவாள். வளர்ச்சிக்கு எப்போதும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பது இப்படித்தான். மண்ணைத் தோண்டிக்கொண்டே போவதும் நுரையீரலை நிரப்பிக்கொண்டே போவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். இரண்டும் நெடுநாள் தாங்காது.

*

இதையெல்லாம் வகுப்பில் பேசினால் எனக்கு வரும் பதில்கள் தெரியும்.

முதல் பதில், சின்ன முதலாளிகளிடமிருந்து வரும். “குஜராத் மோர்பியோட போட்டி, கேஸ் விலை, பிளாஸ்டிக் வந்தப்புறம் பீங்கான் ஃபியூஸ் யாரு வாங்குறா? நீங்க கக்கூஸ், காப்பகம்னு பேசுனா நாங்க பூட்டிட்டுப் போறோம்.” அவர்கள் கஷ்டம் பொய் இல்லை. ஆனால் கேஸ் விலையைக் குறைக்கச் சொல்லி அமைச்சரிடம் மனுக் கொடுக்கிறவர், பெண்ணின் கூலியை மட்டும் யாரையும் கேட்காமல் குறைத்துவிடுகிறார். ஒரு தொழில் பிழைக்கப் பெண்கள் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்றால், அந்தத் தொழிலுக்கு மானியம் கொடுப்பது அந்தப் பெண்களின் சிறுநீரகம். அரசிடம் மானியம் கேளுங்கள், நாங்களும் கூட வந்து கேட்கிறோம். அவர்களிடம் எடுக்காதீர்கள்.

இரண்டாம் பதில், சக ஆசிரியர்களிடமிருந்து. “பிள்ளைங்க மனசுல அரசியல் ஏத்தாதீங்க.” சுவரில் அந்தப் படத்தை ஒட்டியது யார்? தொழிலாளர் உரிமையைக் காப்பது எட்டாம் இலக்கின் உட்பிரிவு. 2025க்குள் குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிப்பதும் அதன் உட்பிரிவு. 2025இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளே வெளியிட்ட கணக்கில் உலகில் சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். இதை மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்வது பாடம், தன் தெருவில் தேடிப் பார்ப்பது அரசியல் என்றால், நாம் பள்ளி நடத்துகிறோமா, மூடி மறைக்கப் பழக்குகிறோமா?

மூன்றாம் பதில்தான் கஷ்டமானது. அது அம்மாக்களிடமிருந்து வரும். “நான் பட்டது போதும் டீச்சர். எம்பொண்ணு இந்தத் தூளு பக்கமே வரக்கூடாது. படிச்சி நல்ல வேலைக்குப் போகட்டும்.” இதற்கு எதிராக ஒரு சொல் பேச எனக்குத் தகுதியில்லை. போகட்டும். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, பஸ்ஸில் டிக்கெட் இல்லை, தாராளமாகப் போகட்டும். ஆனால் ‘படித்துத் தப்பித்துக்கொள்’ என்பது மட்டுமே பாடமாக இருந்தால், ஒருத்தி எழுந்துபோன பலகையில் இன்னொருத்தி வந்து உட்காருவாள். அவளும் யாரோ ஒரு பிள்ளையின் அம்மா. தப்பித்துப் போனவளும் புது வேலையில் எதைக் கேட்கலாம் என்று தெரியாமல் நிற்பாள். கேட்பது ‘டீசன்ட்’ இல்லை என்றல்லவா சொல்லி அனுப்பினோம்?

கேட்ட பெண்களும் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையொன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை ஒரு குற்றச் செய்தியாக முடிய விடவில்லை. 2022இல் ஆலையோடும் பன்னாட்டு ஆடை நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போடும் வரை நின்றது. தொல்லையைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, உற்பத்திப் பிரிவுகளில் நிறுத்தினார்கள். சாதிப் பாகுபாடும் அந்த ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி இடம்பெற்றது. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகம் அதைப் படிக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் வகுப்பறைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

*

பாடத்தை எப்படி நடத்துவது என்று என்னைக் கேட்டால், அட்டை வேண்டாம், ஸ்கெட்ச் பேனா வேண்டாம் என்பேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் உட்கார்ந்து பேசட்டும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்? உங்களோடு வேலை செய்யும் ஆணுக்கு என்ன கூலி? தண்ணீர் குடிக்கப் பயப்படாத அளவுக்கு அங்கே கழிப்பறை இருக்கிறதா? உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா? மாதவிலக்கு நாளில் என்ன செய்கிறீர்கள்? கடைசியாக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தது எப்போது? யாராவது தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வீர்கள்? அந்த விடைகளைப் பட்டறை பெயரோ ஆள் பெயரோ இல்லாமல் வகுப்பில் கரும்பலகையில் எழுதுவோம். அம்மாவின் வேலைக்கு ஆபத்து வராமல் இதைச் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு டீச்சருடையது. பிறகு சட்டத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் படிப்போம். உழைப்பாளிக்கும் சட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளே அளந்துகொள்வார்கள்.

நான் என் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். போன ஜூனில் ஒரு பெண் பிள்ளை வழக்கம்போல “வீட்லதான் இருக்காங்க மிஸ்” என்றாள். நான் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். “நீங்க சொல்லுங்கம்மா, என்ன எழுதட்டும்?” அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செராமிக்ல பினிஷிங் பாக்குறேன். பதினோரு வருஷமா” என்றார். ‘பீங்கான் தொழிலாளி’ என்று எழுதினேன். கட்டம் சின்னது, எழுத்தை நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. அடுத்த ஜூனில் உங்கள் மேசைக்கும் அந்தப் படிவம் வரும். நீங்கள் டீச்சராக இருந்தால் கேளுங்கள். மாணவியாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.